ஒரு தோட்டத்து நோய் ஊருக்கே நோய்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் வலப்புறம் உயர்ந்து நிற்பது சிறுமலை. அம்மலை வாழையின் மணத்தை மதுரைக் கடைவீதி நன்கறியும். அதுவும் பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சிப் பழமும் புவிசார் குறியீடு பெற்றவை. எனினும், அப்புகழை விளைவிக்கும் குடியானவர் நிலையைக் காண அண்மையில் நாம் அங்குச் சென்றிருந்தோம். பெருஞ்செல்வர் எவரையும் காணவில்லை. காப்பிக்கும் மிளகுக்கும் இடையே வாழை வைத்து, தார்களைக் குதிரை முதுகில் ஏற்றிச் சாலைக்குக் கொணரும் சிறு விவசாயிகளையே கண்டோம்.

இவர்களை வீழ்த்தியது முடிக்கொத்து நோய். 1970-களில் கீழ்ப்பழநி மலைகளில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை பின்னர் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியதென்பர். சிறுமலையும் அவ்வழிவுக்குத் தப்பவில்லை. இன்று திசு வளர்ப்பு முறையில் உண்டாக்கிய நோயற்ற கன்றுகளால் தோட்டங்கள் மெல்லத் தலைதூக்குகின்றன. மகிழ்ச்சியே. ஆனால், நல்ல கன்று மட்டும் போதுமா?

இந்நோய்க்கு மருந்து இல்லை. இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகச் சேரும். இளமையில் பற்றினால் மரம் தாரே ஈனாது. அசுவினிப் பூச்சி நோயை மரத்துக்கு மரம் கொண்டு செல்கிறது. நோயுற்ற தூரிலிருந்து பெயர்த்த கன்று, பார்வைக்கு நன்றாயிருப்பினும், நோயை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்கிறது. முதலில் பூச்சியைக் கொன்று, பிறகு தூரோடு தோண்டி அழிப்பதே வழி. பத்துப் பேர் அழித்து ஒருவர் வாளாவிருந்தால், அந்த ஒரு தோட்டமே மற்றவற்றுக்கு எமனாகும். பாவில் அறுந்த இழையை அப்போதே முடியாவிட்டால் சேலை முழுவதும் பழுதோடும் என்பதை நம் நெசவாளர் அறிவர் அன்றோ?

ஆஸ்திரேலிய நாட்டிலும் 1920-களில் இந்நோய் வாழைத்தொழிலைப் பெரும்பாலும் அழித்தது. மகீ என்னும் அறிஞர் நோய் பரவும் வழியைக் கண்டறிந்து கூறினார். நோய்மரத்தை அழிப்பதும் நற்கன்றையே நடுவதும் அங்கே சட்டத்தால் எல்லார்க்கும் கடமையாயின. தொழில் மீண்டது. தனித்தனியே முயன்றிருந்தால் மீண்டிராது.

நம் குடியானவர் ஏன் தயங்குகிறார்? அறியாமையால் அன்று. வெட்டப்படும் மரம் அவருடையது. காக்கப்படுவதோ ஊரார் தோட்டம். கடனும் அந்த மரத்தை நம்பியே வாங்கியது. இழப்பு ஒருவருக்கு, பயன் எல்லார்க்கும் என்றால், ஏழை நோயை மறைக்கவே செய்வான். அவனைப் பழிப்பது முறையன்று.

ஆதலின், கூட்டுறவுச் சங்கங்கள் மூன்றைச் செய்ய வேண்டுமென்போம். உறுப்பினர் விற்கும் ஒவ்வொரு தாருக்கும் சிறு தொகை பிடித்துப் பொதுநிதி சேர்த்து, அழிக்கும் தூருக்கு ஈடு தருக. சோதித்த கன்றுகளையே சங்கத்தின் வழி வழங்குக. மறுநடவு செய்தவர் முதல் தார் வெட்டும்வரை கடன் தவணையைத் தள்ளிவைக்க ஆவன செய்க.

அரசின் உதவியையும் கேட்போம், தவறில்லை. ஆயினும், அண்டைத் தோட்டத்தாரின் இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் மனம் நம்மிடமிருந்தே வரவேண்டும். அதற்குத்தான் கூட்டுறவு என்று பெயர்.