அழுக்கு பன்றியிடமா, நம்மிடமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

பன்றி வளர்ப்பைப் பற்றி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் வகுப்பில் சிரிப்பு எழுந்தது. "உனக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா?" என்றார் நண்பர் ஒருவர். ஆட்டையும் கோழியையும் பற்றி எழுதினால் எவரும் சிரிப்பதில்லை. பன்றி என்றால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்?

நம் முன்னோர் அவ்வாறு சுளிக்கவில்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு செய்தி உண்டு. ஆண் பன்றியைக் குழியில் நிறுத்தி, பெண் பன்றிகளோடு திரியவிடாமல், நெல் மாவைப் பல நாள் ஊட்டிக் கொழுக்க வளர்த்ததை அங்கே புலவர் கூறுகிறார். அடைத்து வளர்ப்பதும் நல்ல தீனி கொடுப்பதும் தொண்டை நாட்டுக்குப் புதியவை அல்ல. இன்று அதே நாட்டில், நம் வாலாஜாபாத்தில், பன்றி சாக்கடை ஓரம் இரை தேடுகிறது.

பன்றி இயல்பிலேயே அழுக்கானது என்பது தவறு. வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு; ஆகவே வெயிலில் சேற்றை நாடுகிறது. நிழலும் நீரும் போதிய இடமும் கொடுத்தால் படுக்கும் இடத்தை விட்டு ஒரு மூலையில்தான் கழிக்கும். மலத்தைத் தின்பது, தீனி கொடுக்காமல் திரிய விடுவதன் விளைவு.

நாடாப்புழுவுக்கும் பன்றியையே பழிக்கிறோம். அப்புழுவின் முட்டை மனித மலத்திலிருந்துதான் பன்றிக்குச் செல்கிறது. அதே முட்டை நீரிலும் கீரையிலும் கலந்து நம் வயிற்றை அடைந்தால் மூளையில் கட்டிகள் தோன்றி வலிப்பு வரும். புலால் உண்ணாதவருக்கும் இது வரக்கூடும். கழிப்பறையும் அடைப்புத் தொழுவமும் இருந்தால் இந்தச் சங்கிலி அறுந்துபோகும். இப்போது சொல்லுங்கள், அழுக்கு யாரிடம் உள்ளது?

இத்தொழிலின் பயனையும் எண்ணிப் பாருங்கள். பன்றியின் சினைக்காலம் 114 நாட்கள்தாம். ஓர் ஈற்றுக்கு எட்டுப் பத்துக் குட்டிகள். ஆண்டுக்கு இரண்டு ஈற்று. நிலமில்லாத குடும்பத்துக்கு இதைவிட விரைவாகப் பெருகும் செல்வம் ஏது? ஆயினும் 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பன்றிகள் ஏறத்தாழ 90 இலட்சம். 2012ஐ விட 12 விழுக்காடு குறைவு.

வளர்ப்பவர் வாழ்வு உயராதது ஏன்? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மகனின் பள்ளிச் செலவுக்காக மூன்று பன்றிகளை விற்றது. தராசு இல்லை. தரகர் கண்ணால் பார்த்துச் சொன்னதே விலை. மறுத்தால் அடுத்த தரகர் எப்போது வருவாரோ தெரியாது. அந்தத் தாய் பேசாமல் பணத்தை வாங்கி முடிந்துகொண்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

நோய் வந்தாலும் முதலில் வீழ்பவர் இவரே. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2020இல் அசாமில் புகுந்து, 2022இல் வயநாட்டை எட்டியது. அது மனிதரைத் தொற்றாது. ஆனால் பன்றியைக் காக்க மருந்தில்லை. அவ்வாண்டு கேரளம் வெளிமாநிலப் பன்றிகளுக்குத் தடை விதித்தது. இத்தகைய நேரத்தில் சொந்தச் சந்தை இல்லாதவன் என்ன செய்வான்?

அரசு உதவவில்லையா என்று கேட்கலாம். தேசியக் கால்நடை இயக்கத்தின் தொழில்முனைவோர் திட்டத்தில் 50 விழுக்காடு மானியம் உண்டு. 100 பெண் பன்றிகள் கொண்ட பண்ணைக்கு 30 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 50 பெண் பன்றிகளுக்குக் குறைந்த பண்ணைக்கு அதில் இடமில்லை. ஐந்து பன்றி வைத்திருப்பவர் அதன் வாசலைக்கூட மிதிக்க முடியாது. ஏழையின் தொழிலுக்குச் செல்வர் அளவில் திட்டம் தீட்டுவது முறையாகுமா?

என் எண்ணத்தில் செய்ய வேண்டுபவை நான்கு.

ஒன்று, ஐந்து பெண் பன்றிகள் கொண்ட குடும்பத் தொழுவத்துக்கும் மானியம் வேண்டும்.

இரண்டு, காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வு நிலையம் உள்ளது. வெள்ளை யார்க்‌ஷயரையும் நாட்டுப் பன்றியையும் கலந்து அங்கே உருவாக்கிய இனம் இவர்களுக்குக் கிடைக்க வேண்டும். வாலாஜாபாத்தில் ரயிலேறிச் செங்கல்பட்டில் மாறினால் எட்டிவிடும் தூரம்தான். ஆனால் அந்த அறிவு இங்கு வந்து சேரவில்லை.

மூன்று, உணவு விடுதிக் கழிவைக் கொதிக்க வைத்த பிறகே தீனியாக இட வேண்டும். நோய்க் கிருமி அதில் அழியும். ஓர் அடுப்பும் ஓர் அண்டாவும் போதும்.

நான்கு, கூட்டுறவுச் சங்கமும் தராசும் தூய்மையான வெட்டுமிடமும் வேண்டும். கேரள அரசு கூத்தாட்டுக்குளத்தில் 1973இல் நிறுவிய இறைச்சி நிறுவனம் பன்றி இறைச்சியைப் பதப்படுத்தி விற்கிறது. அவர்களால் இயன்றது நம்மால் இயலாதா?

உண்ணாதவரை உண்ணச் சொல்ல நான் இதை எழுதவில்லை. உண்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஆனால் ஒரு விலங்கை இழிவென்று சொல்லி, அதை வளர்க்கும் மனிதரையும் இழிவாக எண்ணுவது கற்றவருக்கு அழகன்று. விலங்கியல் படிக்கும் நாம் முதலில் அந்தச் சிரிப்பை விடுவோம். அடுத்த முறை தரகர் வரும்போது, அந்தத் தாயின் முற்றத்தில் ஒரு தராசாவது இருக்கட்டும்.