ஒரு மரத்திற்கு இரண்டு கணக்கா?

சங்கங்களின் கணக்கைப் பரிசீலிக்கும்போது நாம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறோம். செலவு விதிப்படி செய்யப்பட்டதா என்பது ஒன்று. சங்கத்தின் முதல் குறையாமல் இருக்கிறதா என்பது மற்றொன்று. வவுச்சர்கள் யாவும் ஒழுங்காக இருந்தும் முதலைத் தின்று நலிந்த சங்கங்கள் உண்டு. முதல் குறையாதிருந்தும் ரசீது இல்லாமையால் பழிக்கு ஆளான சங்கங்களும் உண்டு.

மர வாணிபத்திலும் இன்று இவ்விரு கேள்விகளே எழுந்துள்ளன. மரம் சட்டப்படி வெட்டப்பட்டதா என்று அரசாங்கங்கள் வினவுகின்றன. வெட்டிய பின்னும் காடு நிலைத்து நிற்குமா என்று அத்தாட்சி வழங்கும் அமைப்புகள் வினவுகின்றன. சவுக்கும் தைலமரமும் பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு இது தொலைதேசத்துச் செய்தி அன்று. ரேயான் நூல் மரக்கூழிலிருந்து பிறப்பதாதலால் நெசவாளர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் சட்டவிரோதமாக வெட்டிய மரத்தைத் தன் சந்தையில் இறக்குவதை 2013 மார்ச் முதல் தடை செய்தது. இந்தோனேசிய அரசாங்கத்தின் ஏற்பாட்டில் 2016 நவம்பர் முதல் வழங்கப்பட்டுவரும் உரிமச் சீட்டை அச்சட்டம் முழுச் சான்றாக ஏற்றது. தனியார் அத்தாட்சியையோ துணைச் சான்றாக மட்டுமே கருதியது. 2023-இல் இயற்றிய புதிய சட்டம் இரு கேள்விகளையும் ஒன்றாக்கிவிட்டது. மரம் சட்டப்படி விளைந்திருக்க வேண்டும். அது விளைந்த நிலம் 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்துப் பெற்றதாக இருத்தல் கூடாது. அந்நிலம் எங்குள்ளது என்பதையும் காட்ட வேண்டும். மரம், மரக்கூழ், காகிதம், ரப்பர், காப்பி ஆகியவை இதில் அடங்கும்; ரேயான் துணி பட்டியலில் இல்லை. அமலுக்கு வரும் தேதி இருமுறை தள்ளிவைக்கப்பட்டது. இதிலும் அத்தாட்சி துணைச் சான்றே.

அத்தாட்சி இருக்கும்போது சட்டம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். தணிக்கைக்கு உட்படுபவரே தணிக்கையாளருக்குக் கூலி தரும் ஏற்பாட்டில், அரசாங்கத்தின் கண் விலகிவிடுதல் நலமன்று. ஆகவே சட்டத்தின் இடத்தில் அத்தாட்சியை வைக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஆயினும், 1993-இல் தோன்றிய எஃப்.எஸ்.சி. அமைப்பின் முதற் கோட்பாடே நாட்டின் சட்டங்களுக்கு அடங்கி நடத்தல் என்பதாகும். அவ்வாறிருக்க, ஒரே உண்மையை இருவருக்கு இருவேறு படிவங்களில் நிரூபிக்குமாறு சிறு விவசாயியை அலைக்கழிப்பது எவ்வகை நியாயம்?

நாம் அறிந்த ஓர் அங்கத்தினரின் சவுக்குச் சுமை, காகிதத்திலுள்ள சர்வே எண் பொருந்தவில்லை என்பதற்காக இரண்டு நாள் எடைமேடையிலேயே நின்றது. மரம் அவர் நட்டது; நிலம் அவருடையது. பிழை எழுத்தில் மட்டுமே. லாரி வாடகையோ அவர் தலையில் விழுந்தது. பெருந்தோட்டக்காரர் குமாஸ்தாவை அமர்த்திக்கொள்வார்; இரண்டு ஏக்கர்க்காரர் தரகரிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார். தரகரின் கிடங்கில் பலருடைய மரமும் கலந்தபின் எது எவர் நிலத்தது என்று சொல்ல எவராலும் இயலாது.

பரிகாரம் நம் கையிலேயே உள்ளது. பட்டா, அடங்கல், புலப்படம், நட்ட ஆண்டு, வெட்டிய தேதி, வண்டி எண், எடைச் சீட்டு ஆகியவற்றை அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரே பதிவேட்டில் சங்கமே பேணி வருமாயின், அதிகாரி கேட்பதற்கும் அத்தாட்சியாளர் கேட்பதற்கும் பெரும்பகுதி அதிலேயே விடை கிடைக்கும். மறுநடவுக் கணக்கையும் உடன் சேர்த்தால் முதல் குறையவில்லை என்பதும் விளங்கும். சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து அத்தாட்சி பெற வழி உண்டு. மத்திய அரசு 2023 டிசம்பரில் தொடங்கிய வன, மரச் சான்றளிப்புத் திட்டமும் காட்டுக்கு வெளியே வளரும் மரங்களைத் தன்னுள் கொண்டிருக்கிறது.

அரசாங்கத்திடம் நாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. சட்டத்திற்காக ஒருமுறை சரிபார்த்த ஆவணத்தை அத்தாட்சிக்கும் செல்லுபடியாக்கட்டும். கேள்விகள் இரண்டாகவே இருக்கட்டும். கணக்கு ஒன்றாக இருக்கட்டும். அங்கத்தினர்கள் இதனை அடுத்த மகாசபையில் ஆலோசித்து முடிவு செய்வார்களாக.