மாய விளையாட்டில் பாடுவது யார்?

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்த நம் முன்னோர் அம்மூன்றையும் மூன்று பெட்டிகளில் வைத்துப் பூட்டிவிடவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரையில் அமர்ந்து யாழ் மீட்டிப் பாடுகிறார்கள். அவன் பாட்டில் வேறொருத்தி இருப்பதாக அவள் எண்ணுகிறாள். அவள் பாட்டில் வேறொருவன் இருப்பதாக அவன் எண்ணுகிறான். கானல்வரி முடியும்போது அவர்கள் உறவும் முடிந்துவிடுகிறது. மதுரை எரிந்ததற்குக் காரணம் தேடிப் பின்னோக்கி நடந்தால் ஒரு பாட்டின் வாசலில் போய் நிற்போம். பாட்டைக் கதையின் நிகழ்ச்சியாகவே ஆக்கிக்கொண்ட மரபு நம்முடையது.

அம்மரபில் வந்த நாம் இன்று ஒரு புதிய நாடகமேடையின் முன் அமர்ந்திருக்கிறோம். அதுவே கணினித் திரை. அதில் நாம் ஆடும் மாயக்கதை விளையாட்டுகளுக்குச் சொல்லோடு கூடிய மெல்லிசைப் பாட்டுப் பொருந்துமா, பொருந்தாதா? விளையாடும் நண்பர்களிடையே நெடுநாளாகத் தீராத வழக்கு இது. வழக்கின் இரு பக்கத்தையும் எடுத்துரைத்து என் கருத்தையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கின் பொருள்

இவ்விளையாட்டுகளை அறியாத பேராசிரியப் பெருமக்களுக்காக முதலில் சில சொற்கள். 1974-இல் அமெரிக்காவில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம் வெளிவந்தது. காகிதம், எழுதுகோல், பகடை ஆகியவையே அதன் கருவிகள். நண்பர்கள் கூடி அமர்ந்து, ஒருவர் வீரனாகவும் ஒருவர் மந்திரவாதியாகவும் பாத்திரம் ஏற்று, கதையைத் தாமே பேசிப் பேசி வளர்ப்பார்கள். ஜப்பானில் 1986-இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’, 1987-இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி’ போன்றவை இம்முறையைத் தொலைக்காட்சித் திரையில் இலட்சக்கணக்கானோருக்குப் பழக்கின. ஒரு விளையாட்டை முடிக்க ஐம்பது மணி நேரம் ஆவதும் உண்டு. திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு இரவெல்லாம் அரக்கரோடு பொருதும் இளைஞர்கள் இன்று பலர்.

பாட்டு வேண்டாம் என்போர் கூறும் காரணங்கள் எளியவை அல்ல. காதில் சொல் விழுந்தால் கருத்து அதன்பின் ஓடும். திரையிலுள்ள வசனத்தைப் படிக்கவோ, அடுத்த அடியை எண்ணவோ முடியாது என்பது ஒன்று. நூறு முறை நடக்கும் சண்டையில் அதே பாட்டு நூறு முறை ஒலித்தால் தேனும் திகட்டும் என்பது இரண்டு. வாளும் வேலும் உள்ள பழைய உலகத்தில் இந்நாள் மெல்லிசை புகுந்தால் மாயம் கலையும் என்பது மூன்று. நான்காவது காரணமே எனக்கு வலியதாகத் தோன்றுகிறது. இவ்விளையாட்டில் பாத்திரமேற்றவன் நான். பாட்டிலே ‘நான்’ என்று ஒரு குரல் பாடும்போது, அந்த ‘நான்’ யார்? என் வாயில் பிறர் சொல்லைத் திணிப்பதற்கு அது ஒப்பாகாதா?

வேண்டும் என்போரோ, மனிதக் குரல் தொடும் இடத்தை எந்தக் கருவியும் தொடாது என்கிறார்கள். இதுவும் உண்மையே. தீர்ப்புக்கு எங்கே போவது? நம் ஊர்க் கூத்துக்களத்துக்கே போகலாம் என்பது என் துணிபு.

கூத்து காட்டும் வழி

திருவல்லிக்கேணிக்குப் பாரதக் கதை அயலானதன்று. பார்த்தனுக்குத் தேரோட்டிய பெருமானே இங்குக் கோயில் கொண்டிருக்கிறார். உற்சவர் திருமுகத்தில் உள்ள வடுக்களை வீடுமனின் அம்புபட்ட தழும்புகள் என்று இன்றும் கூறுகிறார்கள். அதே பாரதத்தை வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடியவிடிய ஆடிக் காட்டுவது தெருக்கூத்து.

கூத்தில் வேடதாரி நேராக வந்து நின்றுவிடுவதில்லை. இருவர் திரையைப் பிடித்திருக்க, அதன் பின்னின்று பாடித் தன்னை அறிவிக்கிறான். வந்திருப்பது யார் என்று கட்டியங்காரன் கேட்கிறான். துரியோதனன் என்றால் துரியோதனன் பெருமையைப் பாட்டாகச் சொல்ல வேண்டும். பின்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவர். பிறகு அதே பொருளை வசனத்தில் விரிப்பார்கள். பகலில் ஏர் பிடித்த ஓர் உழவர் இரவில் வணங்காமுடி மன்னராக மாறுவது அந்தப் பாட்டின் வாயிலாகத்தான். பாத்திரமேற்று ஆடும் கலைக்குப் பாட்டு இடையூறாக இருந்திருந்தால், கூத்து இத்தனை தலைமுறை நின்றிருக்குமா?

ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகை எதுவுமின்றி அன்றிரவே மேடையேறி வள்ளி திருமணம் நடத்துவார்கள். வள்ளியும் நாரதரும், வள்ளியும் வேடனாக வந்த முருகனும் பாட்டாலேயே தர்க்கம் புரிவர். எதிராளி எதைப் பாடுவார் என்பது முன்கூட்டித் தெரியாது. கேட்டு, எண்ணி, அக்கணமே பதில் பாட வேண்டும். சொல் காதில் விழுந்தால் ஆட்டத்தில் கருத்து நில்லாது என்னும் வாதம் இங்கே தளர்ந்துபோகிறது. அந்தச் சொல்லே ஆட்டமாக இருக்கும்போது கருத்து வேறெங்கே போகும்?

பழைய உலகத்தில் புதிய ஓசை கூடாது என்னும் வாதத்துக்கு ஆர்மோனியமே விடை. ஐரோப்பாவில் பிறந்த பெட்டி அது. அர்ச்சுனன் அவையிலும் அல்லியின் அரண்மனையிலும் அதை வைத்து வாசித்தபோது, பாரத காலத்தில் ஆர்மோனியம் ஏது என்று நம் பாட்டனார் எவரும் எழுந்துபோய்விடவில்லை. காலத்துக்குப் பொருந்தாத கருவியைக்கூட மனம் ஏற்றுக்கொள்ளும். பாத்திரத்துக்குப் பொருந்தாத பாட்டையே அது தள்ளும்.

நூறாண்டுக்கு முந்தைய வழக்கு

இவ்வழக்கு நமக்குப் புதிதும் அன்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களைப் பாட்டுகளால் நிறைத்தார். அதே காலத்தில், 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) பாட்டைக் குறைத்து உரைநடை வசனத்தை உயர்த்தினார். இருவருமே நாடகத் தமிழின் தூண்கள். ஒருவர் கேட்டவர் உள்ளத்தில் தங்கினார். மற்றவர் கதையின் கட்டுக்கோப்பைக் காத்தார்.

பாட்டு மிகுந்ததால் நேர்ந்த தீங்கையும் மறைக்கலாகாது. எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) பாடினால் ‘ஒன்ஸ்மோர்’ கேட்கும் குரல்கள் எழும். அவர் மீண்டும் பாடுவார். அவை மகிழும், கதையோ ஓரமாகக் காத்து நிற்கும். பேசும் படம் வந்தபோதும் இவ்வழக்கமே தொடர்ந்தது. 1934-இல் வெளிவந்த ‘பவளக்கொடி’ போன்ற படங்களில் பாட்டுகள் அடுக்கடுக்காக வந்தன. இதற்கு மறுப்பாகவே போலும், எஸ். பாலசந்தர் 1954-இல் பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ படத்தைத் தந்தார். கொலை விசாரணைக்குப் பாட்டு எதற்கு என்று அவர் எண்ணியது சரியே. ஆனால் 1957-இல் வந்த ‘மாயா பஜார்’ படத்தில் கடோத்கசன் கல்யாண விருந்தைக் கபளீகரம் செய்தபடியே பாடுகிறானே, திருச்சி லோகநாதன் குரலில்! அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் காட்சியில் வெறும் பானைகள்தாம் மிஞ்சும். பாடுகிறவன் அரக்கன், பாடும் பொருள் அவன் கண்முன் உள்ள சோறு. பாடுவது யார், ஏன் பாடுகிறான் என்ற இரண்டுக்கும் அங்கே விடை இருக்கிறது.

திரையில் கண்ட சான்றுகள்

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு விளையாட்டுகளுக்கு வருவோம். 1994-இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 6’ இல் ஓர் இசை நாடகக் காட்சி உண்டு. அந்நாளைய கருவியில் மனிதக் குரலைப் பதிந்து வைக்க இடமில்லை. குரல்போல ஒலிக்கும் செயற்கை ஒலியும், திரையில் ஓடும் பாட்டுவரியுமே இருந்தன. படைத்தலைவியாக இருந்த செலஸ் என்னும் பெண், பாடகி ஒருத்திக்குப் பதிலாக மேடையேற நேர்கிறது. விளையாடுகிறவன் பாட்டை முன்னதாக மனப்பாடம் செய்து, உரிய வரியை உரிய இடத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே பாடுவது யார்? நானே. பிறர் சொல்லை என் வாயில் திணிக்கிறார்கள் என்ற குறைக்கு இடமே இல்லை.

1999-இல் வந்த எட்டாம் பாகத்தில் நொபுவோ உவெமட்சு இசையமைத்த ஒரு காதல் பாட்டை ஃபே வாங் என்னும் சீனப் பாடகி பாடியிருக்கிறார். கதைக்குள் அது நாயகியின் தாய், தான் ஒரு காலத்தில் விரும்பிய ஒருவனை நினைத்து எழுதிய பாட்டு. அதன் மெட்டு முன்னரே சொல்லின்றிப் பல இடங்களில் வந்து காதில் படிந்துவிடுகிறது. குரலோடு அது முழுமையாக ஒலிப்பதோ நெடும்பயணத்துக்குப் பின், ஆயுதங்கள் ஓய்ந்த ஒரு வேளையில். அரிதாக வருவதால் திகட்டவில்லை. தாயின் பாட்டு மகளின் காதலுக்குத் துணையாக வருவதால் அயலாகவும் தோன்றவில்லை.

2015-இல் போலந்துக்காரர் ஆக்கிய ‘தி விட்சர் 3’ இல் நாயகன் ஒரு விடுதியில் அமர்ந்திருக்க, பிரிசில்லா என்னும் பாணர்குலப் பெண்ணொருத்தி அவனுடைய காதலையே பாடுகிறாள். தன் கதையைப் பிறர் பாடத் தான் கேட்பது! உத்தரகாண்டத்தில் இலவனும் குசனும் பாட இராமன் கேட்டிருந்த காட்சியை இங்கே நினையாமல் இருக்க முடியுமா? 2010-இல் வந்த ‘நியர்’ விளையாட்டு வேறு வழி கண்டது. எமி எவன்ஸ் என்ற பாடகி, எந்நாட்டிலும் வழங்காத புனைமொழிகளில் பாடினார். பொருள் விளங்காது, துயரம் விளங்கும். ஆலாபனையைக் கேட்டு உருகத் தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இனி, பொருந்தாத இடம் எது? ஆயிரமாண்டுப் பழைய காட்டுக்குள் அலையும்போது, யார் பாடுகிறார், எவருக்காகப் பாடுகிறார் என்பது தெரியாமல், விளம்பரத்துக்காகச் சேர்த்த புகழ்க் குரல் ஒன்று ஒவ்வொரு சண்டையிலும் முழங்கினால் அது பொருந்தாது. ‘பெர்சோனா 3’ (2006) சண்டைக்குச் சண்டை பாட்டை ஒலிக்கவிட்டு வெற்றி கண்டதே என்று நண்பர்கள் கேட்பர். உண்மைதான். ஆனால் அதன் நாயகர்கள் இக்கால நகரத்துப் பள்ளி மாணவர்கள். காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டே நாயகன் அறிமுகமாகிறான். அந்தப் பாட்டு அவன் காதிலிருந்து வருகிறது என்று கொள்ள இடமுண்டு. இதுவும் என் அளவுகோலுக்கு அடங்கியதே.

நாம் செய்ய வேண்டியது

தமிழர் கைவண்ணத்திலும் ஒரு நற்சான்று உண்டு. 2023-இல் கனடாவிலிருந்து வெளிவந்த ‘வெண்பா’ மாயக்கதை அன்று. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. தாய் வெண்பா சமைக்கத் தொடங்கும்போது வானொலி பாடுகிறது. பழைய திரைப்பாட்டை அப்படியே எடுத்து ஒட்டாமல், அந்தந்தக் காலத்துத் திரையிசையின் மணத்தோடு புதுப்பாட்டுகளை ஆக்கியிருக்கிறார்கள். பாட்டு மாற மாற ஆண்டுகள் ஓடுவதை உணர்கிறோம். ஊரைவிட்டு வந்தவளுக்கு ஊர் மிஞ்சியிருப்பது அந்த வானொலியில்தான். 2024-இல் பிரித்தானியத் திரைப்படக் கழகமான பாஃப்டா, முதல் படைப்புக்கான விருதை இவ்விளையாட்டுக்கு வழங்கியது.

நாளை நம்மவர் பாரதத்தையோ சிலம்பையோ அல்லி கதையையோ மாய விளையாட்டாக ஆக்கக்கூடும். ஆக்க வேண்டும் என்பதே என் அவா. அப்போது இரண்டு சபலங்கள் எழும். ஒன்று, புகழ்பெற்ற திரைப்பாட்டை விலைக்கு வாங்கி ஒட்டுவது. மற்றொன்று, மேலைநாட்டாரைப் பார்த்துச் சொல்லில்லாத பெருங்குழு முழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, நம் கூத்தையும் நாடகத்தையும் வாசலிலேயே நிறுத்திவிடுவது. முன்னது கதையைக் கெடுக்கும். பின்னது நம்மையே மறக்கச் செய்யும்.

பார்த்தசாரதிப் பெருமாள் மாடவீதியில் எழுந்தருளும்போது நாதசுரம் சொல்லின்றி ஒலிக்கிறது. பெருமாளுக்கு முன்னே பிரபந்த கோஷ்டி, பின்னே வேத கோஷ்டி. மூன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. அதனால் ஒன்றையொன்று அமுக்குவதில்லை. விளையாட்டிலும் அத்தகைய ஒழுங்கு வேண்டும். நடைக்கும் சண்டைக்கும் கருவியிசை போதும். மனிதக் குரலைக் கதையின் திருப்பத்துக்கென்று சேமித்து வையுங்கள். பாடுகிறவர் அக்கதையுலகின் குடியாக இருக்கட்டும். இயன்றால் விளையாடுகிறவனையே பாட வையுங்கள். வள்ளி தர்க்கத்தில் பதில் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தால், நம் மரபுக்கே உரிய ஒன்றைத் தமிழர் செய்தவராவோம்!

கணினி கற்கும் தோழர்களும் தமிழ் கற்கும் தோழர்களும் நம் கல்லூரியில் ஒரே மரத்தடியில்தான் அமர்கிறார்கள். அவர்கள் கூடி ஒரு சிறு விளையாட்டை ஆக்கத் தொடங்கலாம். பாட்டு ஒன்றைச் சேர்க்கும் முன் கட்டியங்காரனைப்போல் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: வந்திருப்பது யார்? விடை சொல்லும் பாட்டை உள்ளே விடுங்கள். சொல்லாத பாட்டு எவ்வளவு இனித்தாலும் திரைக்கு வெளியே நிற்கட்டும்!