ஹந்தானையில் ஒரு பகல்



விடுமுறை வந்துவிட்டால் "எங்கயாவது கூட்டிப் போங்க வாப்பா" என்ற நச்சரிப்பு உங்கள் வீட்டிலும் இருக்கும். வேன் பிடித்து நுவரெலியா போனால் சம்பளத்தில் பாதி கரைந்துவிடும். ஆகவே நாங்கள் இம்முறை கண்டி நகருக்கு மேலேயே நிற்கும் ஹந்தானை மலையில் ஏறினோம். 2010 இல் வர்த்தமானி மூலம் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக்கப்பட்ட மலைத்தொடர் அது.

நான், தம்பி, என் மகன்மார் இருவர், ராத்தாவின் மகன் என ஐந்து பேர். 1925 இல் கட்டிய பழைய தொழிற்சாலையில் இருக்கும் தேயிலை நூதனசாலையைக் காலை ஏழு மணிக்கே தாண்டிவிட்டோம். அதற்கு மேலே தேயிலை, பிறகு பைனஸ் மரங்கள், அதன் பிறகு ஆளை மறைக்கும் மானாப் புல். முகட்டோடு நடந்து பேராதனைப் பக்கம் இறங்குவதுதான் திட்டம். அட்டைக்கடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலில் சவர்க்காரம் பூசியிருந்தோம், ஒரு மணித்தியாலத்துக்குத் தாங்கியது.

முதலில் வந்தது, உம்மா வீட்டில் பெயர் சொல்லவும் தயங்கும் பிராணி! புல்லுக்குள்ளிருந்து காட்டுப்பன்றி ஒன்று, பின்னால் முதுகில் கோடு போட்ட ஆறு குட்டிகள். குட்டியோடு நிற்கும் தாய்க்குக் குறுக்கே போகக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றோம். வரிசையாகக் கடந்து போயின. இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளுக்கு வேறு கதையே இல்லை.

பகல் சாப்பாட்டுக்குக் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்தோம். சின்னவன் காலிலிருந்த அட்டையைப் பிடுங்குவதற்காகச் சருகின் மேல் கையை ஊன்றப் போனான். அப்போதுதான் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார்: "தம்பி, கையை வைக்காத! அப்படியே நில்லு!"

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவர் அரிவாளால் சுட்டிக்காட்டிய பிறகுதான், சருகுகளில் ஒன்று பாம்பாக மாறியது. ஒன்றரைச் சாண் நீளம் இருக்கும். சுருண்டு கிடந்தது, முக்கோணத் தலை, மேல்நோக்கிய மூக்கு. சிங்களத்தில் குணகடுவா என்பார்களே, அந்த விரியன். மகனின் விரலுக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

இதை ஏன் விரிவாக எழுதுகிறேன் தெரியுமா? தேயிலை, கோப்பி, வீட்டுத் தோட்டம் எங்கும் சருகுக்குள் கிடந்து நம் நாட்டில் அதிகமானோரைக் கடிப்பது இந்தப் பாம்புதான். பலருக்கு வீக்கத்தோடும் நோவோடும் போய்விடும். சிலருக்கு இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும், உயிரும் போகலாம். இந்தியாவிலிருந்து தருவிக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் உரியது. இதன் விஷத்துக்கு அது பலிக்காது. "சின்னப் பாம்புதானே" என்று வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோக வேண்டியது அதனால்தான். கடிவாயைக் கீறுவதும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருங்கள்.

அந்தப் பிள்ளை அன்று பாட்டா செருப்போடு வந்திருந்தான். சப்பாத்து நனைந்துவிடும் என்று அனுமதித்தவன் நான்தான். உம்மா கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் பாம்பைவிடப் பெரிதாக இருந்தது.

பெரியவர் பாம்பை அடிக்கவில்லை. நீளத் தடியால் சருகோடு பள்ளத்துப் பக்கம் தள்ளிவிட்டார். சோற்றுப் பார்சல் ஒன்றை நீட்டினோம். "புள்ளைகளுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் புல்லுக்கட்டோடு இறங்கிப் போய்விட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை, அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

பின்னேரம் மூடுபனி இறங்க முன்பு பேராதனை வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு தம்பியின் காதுக்குப் பின்னால் அட்டையொன்று கொழுத்துத் தொங்குவதைப் பின் ஆசனத்துப் பெண்மணி ஒருவர் கண்டு அலறினார். சின்னவனுக்குச் சிரிப்புத் திரும்பியது அப்போதுதான்.