சிப்பம் தூக்கிய சிங்கம்!

எங்கள் ஃப்ளாட்டுக்கு லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடி. "மாடிப்படி ஏறினா ஹார்ட்டுக்கு நல்லது சார்" என்று சொல்லித்தான் தலையில் கட்டினார்கள். நானும் ஏதோ ஹார்ட்டை இலவசமாகக் கொடுப்பதுபோல் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

போன வருஷம் மாசி மாதம் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். கணுக்காலில் எலும்பு முறிவு. முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டு, "ஆறு வாரம் காலைத் தரையில ஊன்றக் கூடாது" என்று அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவிலிருந்து இறக்கியாகிவிட்டது. இனி மேலே போக வேண்டும். அப்பாவின் எடை 64 கிலோ. படிகள் 54. மர நாற்காலியில் உட்காரவைத்து நான் ஒரு பக்கம், வாட்ச்மேன் ஒரு பக்கம் பிடித்தோம். வாட்ச்மேனுக்கு அறுபதைத் தாண்டிய வயது. வாயில் எப்போதும் அணைந்த பீடி. படியில் தூக்கிப்போகும்போது கீழ்ப்பக்கம் பிடிப்பவருக்குத்தான் பாரம் அதிகம். அதை அவரே எடுத்துக்கொண்டார்.

முதல் மாடி திரும்புவதற்குள் என் கை நடுங்கியது. தொடை நடுங்கியது. நாற்காலி நடுங்கியது. அதில் உட்கார்ந்திருந்த அப்பாவும் நடுங்க ஆரம்பித்ததும் இறக்கிவைத்துவிட்டேன். மூச்சு மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "நீ உக்காருலே. நான் மெள்ள உக்காந்து உக்காந்தே ஏறிக்கிடுதேன்."

வாட்ச்மேன், நாகரிகமானவர், மேலே ஒட்டடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் இரண்டாவது மாடி காலேஜ் பையன் வந்து என் இடத்தைப் பிடித்தான். நான் எக்ஸ்ரே கவரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பாவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். தெற்கத்தி கிராமங்களில் இளவட்டக்கல் என்று ஒன்று கிடக்கும், பார்த்திருப்பீர்கள். உருண்டையான, வழவழப்பான, பிடிக்க ஒரு இடுக்குக்கூட இல்லாத கல். அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுகிறவனுக்குத்தான் பெண் என்று அந்தக் காலத்தில் பேச்சு. என் கல்யாணத்தின்போது யாரும் கல்லைக் காட்டவில்லை. சம்பளச் சீட்டைக் கேட்டார்கள், காட்டினேன். இப்போது 30 கிலோ கேஸ் சிலிண்டர் வந்தால் காலால் உருட்டி உள்ளே தள்ளுகிறேன். அதுவும் பாதி தூரம்தான். மீதி தூரம் மனைவி.

ஜிம்மில் சேர்ந்தால் என்ன என்று ஆபீஸில் பேச்சை எடுத்தேன். எதிர் சீட்டு நண்பர் ஒரு வருஷப் பணத்தை முன்கூட்டியே கட்டி, மொத்தம் பதினோரு நாள் போனவர். "ஒரு நாளைக்கு என்ன ஆச்சுன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காசுக்கு ஆள் வச்சுத் தூக்கச் சொல்லியிருக்கலாம்" என்றார். எனவே வீட்டிலேயே. ஐந்து கிலோ டம்பெல்ஸ் நான்கு, ஸ்கிப்பிங் கயிறு ஒன்று, தரையில் விரிக்க ஒரு பாய், கதவு நிலையில் மாட்டித் தொங்க ஒரு கம்பி, எல்லாம் வந்து இறங்கின.

சாமான் வாங்கிவிட்டாலே பாதி பலம் வந்துவிட்டது என்று நினைக்கிற வியாதி எனக்கு மட்டும் இல்லை. சாண்டோ என்ற ஜெர்மன் பயில்வான், 1904, 05-ல் இந்தியா முழுக்கச் சுற்றி உடம்பைக் காட்டிவிட்டுப் போனவர். கைப்பிடியில் ஸ்பிரிங் வைத்த டம்பெல்ஸை விற்ற கெட்டிக்கார வியாபாரியும்கூட. நம்மூரில் பயில்வான் என்றாலே சாண்டோ என்று பட்டம் கொடுக்கிற அளவுக்குப் பெயர் நின்றுவிட்டது. சாண்டோ சின்னப்பா தேவர் பெயரில் இருக்கிற சாண்டோ இவர்தான்.

எங்கள் வீட்டில் சாண்டோவின் வாரிசுகள் என்ன ஆனார்கள் என்று கேளுங்கள். நாலாம் நாள் காலை டம்பெல்ஸைக் காணோம். மொட்டை மாடியில் அம்மா வேட்டி விரித்து வடாம் பிழிந்திருந்தாள். வேட்டி காற்றில் பறக்காமல் நாலு மூலைக்கும் நாலு டம்பெல்ஸ்! "ஏய்யா, சும்மாதான கெடந்துச்சு? செங்கல்லுன்னா மண்ணு ஒட்டும்" என்றாள். ஸ்கிப்பிங் கயிறு பால்கனியில் கொடியாகி, அதில் என் பனியனே காய்ந்துகொண்டிருந்தது. கதவுக் கம்பியில் முதல் நாள் நான் தொங்கினேன். தொங்கினேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அங்குலம் மேலே போகவில்லை. இப்போது அதில் இஸ்திரி போட்ட சட்டைகள் தொங்குகின்றன. அவையும் மேலே போவதில்லை. பாயில் பையன் படுத்து ஹோம்வொர்க் எழுதுகிறான்.

வீடு என் சாமான்களை எடுத்துக்கொண்டால், வீட்டுச் சாமான்களை நான் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். திங்கள், புதன், வெள்ளி. காலை ஆறு மணிக்கு, இருபத்தைந்து நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கே வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடை மாதிரி அசைவு, அதோடு குறைந்தது இரண்டு நாள் எல்லாப் பெரிய தசைகளுக்கும் வேலை என்பதுதான். தினமும் இரண்டு மணி நேரம் என்று யாரும் கேட்கவில்லை. நாமாகத்தான் ஜனவரி ஒன்றாம் தேதி அப்படிச் சபதம் எடுத்து, ஜனவரி ஆறாம் தேதி ஜலதோஷம் பிடித்து விட்டுவிடுகிறோம்.

முதலில் சாப்பாட்டு மேஜை நாற்காலி. கையை ஊன்றாமல் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். பஸ்கி என்று பெரியவர்கள் சொன்னதன் எல்.கே.ஜி. வகுப்பு. தினம் ஆயிரம் தடவை செய்கிற காரியம்தானே என்று தோன்றும். பத்தாவது தடவை தொடை பேசும். அடுத்து தண்டால். தரையில் ஒரே ஒரு தண்டால் எடுத்தேன். அதிலும் மார்பும் இடுப்பும் தனித்தனி ஊருக்குப் போயின. எனவே கௌரவம் பார்க்காமல் சுவரில் கையை ஊன்றி ஆரம்பித்தேன். பன்னிரண்டு சுத்தமாக வந்ததும் சமையல் மேடை. அதற்கப்புறம் நாற்காலி, சுவரோரமாக நகராதபடி. கை ஊன்றுகிற இடம் தாழத் தாழ பாரம் கூடுகிறது. தரை கடைசி.

பிறகு பையனின் பழைய ஸ்கூல் பை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது ஆறாம் வகுப்பில் படித்தது. முதல் தடவையாகப் பயன்பட்டது. ஐந்து பாட்டில் போட்டால் ஐந்து கிலோ. ஒரு கையை ஸ்டூலில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்புப் பக்கம் இழுப்பது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் கேள்விக்குறி மாதிரி உட்கார்ந்திருக்கிற நமக்கு முதுகுத் தசை என்று ஒன்று இருப்பதே இதில்தான் தெரியும். கடைசியில் முழங்கையை ஊன்றிப் பலகை மாதிரி கிடப்பது, இருபது விநாடி. இருபது விநாடி எவ்வளவு நீளம் என்பது பலகையாகக் கிடந்தவனுக்குத்தான் தெரியும்.

நடுநாயகம் எது என்றால், அரிசிச் சிப்பம். பொன்னி, 25 கிலோ. தரையிலிருந்து தூக்கி, நிமிர்ந்து, திரும்ப வைப்பது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: முதுகை வளைக்கக் கூடாது, இடுப்பை மடக்க வேண்டும். எப்படி என்று ரொம்ப நாள் புரியவில்லை. ஒரு நாள் என் மனைவி இரண்டு கையிலும் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜ் கதவைப் பின்பக்கத்தால் இடித்துச் சாத்தினாள். சாட்சாத் அதே அசைவு! முதுகு நேர், முழங்கால் லேசாக மடங்கல், பின்பக்கம் பின்னால் போகிறது. தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். அடக்கிக்கொண்டு தூக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். பி.பி.காரர்கள், நெஞ்சில் வலி வருகிறவர்கள், டிஸ்க் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சிப்பத்தைத் தொடவும்.

இரண்டாம் நாள் ஆபீஸில் உட்காரும்போதெல்லாம் "அம்மா!" எழும்போதெல்லாம் "அப்பா!" புதிதாக ஆரம்பித்தால் இந்த வலி ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். பெரும்பாலானவர்கள் இந்த உச்சத்தில்தான் ராஜினாமா செய்கிறார்கள்.

நான் செய்யவில்லை. காரணம் மன உறுதி அல்ல, ஹாலில் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி அப்பா. ரெவின்யூ இலாகாவில் கணக்குப் பார்த்து ரிட்டையரானவர். அவருக்கும் பொழுது போக வேண்டுமே. "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ண ஆரம்பித்தார். எட்டு வரைக்கும் ஒழுங்கு. அப்புறம், "ஒம்பது... ஒம்பது... ஒம்பது..."

"பத்துப்பா!"

"முதுகு கூன் போட்டுது. வவுச்சர் இல்லாத பில்லு. பாஸ் பண்ண மாட்டேன்."

சிப்பத்தில் என் முன்னேற்றம் எனக்கே பிரமிப்பாக இருந்தது. முதல் நாள் ஆறு தடவைதான் தூக்கினேன். இரண்டாவது வாரம் பத்து. மூன்றாவது வாரம் பதினெட்டு. மாதக் கடைசியில் ஒரு கையால் தூக்கிவிட்டேன், சார்! கண்ணாடி முன்னால் போய் நின்றேன். பனியனை ஒரு சுருட்டு சுருட்டினேன். சமையலறையிலிருந்து மனைவி குரல் வந்தது: "என்னங்க, அரிசி தீர்ந்துபோச்சு. நாலு கிலோ இருந்தா அதிகம். சாயங்காலம் சொல்லிவிடுங்க."

தின்னத் தின்னக் குறைகிற எடையைத் தூக்கி உலகத்தில் பயில்வான் ஆனவன் நான் ஒருவன்தான். புதுச் சிப்பம் வந்தது. ஒன்பது தடவை. அதாவது ஆறு, ஒன்பதாகியிருக்கிறது. பிரமிப்பு போனாலும் இந்த மூன்று நிஜம். ஆரம்ப வாரங்களில் தசை பெரிதாக வளர்ந்துவிடுவதில்லையாம். இருக்கிற தசையைச் சரியாக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்வதால்தான் பலம் கூடுகிறது. நிர்வாகம் திருந்தியதும் அதே ஊழியர்கள் அதிகம் உழைப்பதுபோல. அதிலிருந்து தனியாக ஒரு பழைய கோணிப்பையில் மணலைக் கட்டிவைத்துவிட்டேன், யாரும் பொங்கித் தின்ன முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே விதி: அடுத்தடுத்து இரண்டு நாள் பன்னிரண்டு சுத்தமாக வந்தால் ஒரு பாட்டில் எடை கூட்டு. வராவிட்டால் அங்கேயே இரு. எது சுத்தம் என்பதை ரெவின்யூ இலாகா முடிவு செய்யும்.

கூடவே வாளி நடையையும் சேர்த்தேன். இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு வராந்தாவில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும். பிடி இறுகும், தோள் நிமிரும், வயிறு தானாக உள்ளே போகும். சென்னையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய பெண்கள் இதை எத்தனை வருஷம் செய்திருக்கிறார்கள்! யாரும் பயில்வான் பட்டம் கொடுக்கவில்லை.

ஆறு வாரம் முடிந்து கட்டுப் பிரிக்க அப்பாவைக் கூட்டிப் போனோம். இறங்குவது, ஏறுவது இரண்டும் அதே நாற்காலியில். திரும்பி வந்தபோது வாட்ச்மேன் வழக்கம்போலக் கீழ்ப்பக்கம் போய் நின்றார். "நான் பிடிக்கிறேன் தாத்தா, நீங்க மேல போங்க" என்றேன். சந்தேகமாகத்தான் பார்த்தார். காலேஜ் பையனும் எதற்கும் இருக்கட்டும் என்று பின்னாலேயே வந்தான். ஒவ்வொரு மாடியிலும் ஒரு தடவை இறக்கிவைத்தோம். மூச்சு வாங்கியது, வியர்த்துக் கொட்டியது, மூன்றாவது மாடி வந்துவிட்டது. எக்ஸ்ரே கவரை அப்பா மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

கட்டுப் பிரித்த காலைப் பார்த்து அம்மா கொஞ்சம் அழுதாள். ஆடுசதை இருந்த இடத்தில் முருங்கைக்காய் மாதிரி இருந்தது. ஆறு வாரம் வேலை இல்லாவிட்டால் தசை அப்படித்தான் கரையும். ஊன்றி நடக்க ஆரம்பித்து இரண்டு மூன்று வாரம் கழித்து, பிசியோதெரபிஸ்ட் எழுதிக்கொடுத்த பயிற்சிகளில் முதலாவது என்ன தெரியுமா? நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது! என் எல்.கே.ஜி. பாடமேதான்.

அப்பாவுக்கு நம்பிக்கையில்லை. "எழுபத்தி நாலு வயசுல இனிமே என்னலே தசை?" அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் நடந்து, 1990-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியைச் சொன்னேன். முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேரைப் பிடித்து எட்டு வாரம் காலுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் நடுவில் நின்றுவிட்டார். மீதி ஒன்பது பேருக்கும் தொடையின் பலம் சராசரியாக 174 சதவிகிதம் கூடியது.

"அவன் பாஸ்டன். நான் அம்பாசமுத்திரம்" என்றார். ஆனாலும் சதவிகிதம் என்றதும் கண் கொஞ்சம் விரிந்ததைக் கவனித்தேன். கணக்குக்காரர் இல்லையா.

இப்போது திங்கள், புதன், வெள்ளி ஹாலில் இரண்டு நாற்காலி. பக்கத்தில் சுவர், அவர் பிடித்துக்கொள்ள. நான் என்னுடையதை முடித்துவிட்டு அவருக்கு எண்ணுகிறேன்.

"ஆறு... ஏழு... ஏழு..."

"ஏலே, இது எட்டு!"

"உக்காரும்போது தொப்புன்னு விழுந்தீங்கப்பா. மெதுவா இறங்கணும். பாஸ் பண்ண மாட்டேன்."

என்னை ஒரு முறை முறைத்தார். சுவரிலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எழுந்தார்.

"எட்டு" என்றேன்.