வித்தியாதரிசி அம்மையாரும் மந்திரப் பள்ளியும்

ஹரி பொட்டர் படங்கள் எட்டினுள்ளும் சிறந்தது எது என்று வினவினால், சினிமாக் கலையை நுணுகி ஆராய்வோருட் பலர் ஒரே விடையைத்தான் கூறுவர். மெக்சிக்கோ நாட்டவரான அல்பொன்சோ குவாரோன் 2004ஆம் ஆண்டில் நெறிப்படுத்திய மூன்றாவது படமே அவர்களின் தெரிவு. அதன் ஒளியமைப்பையும் கமராவின் நகர்வையும் வியப்பதில் நாமும் பின்னிற்பவரல்லர். ஆயினும் எமது விருப்புக்குரியது, டேவிட் யேட்ஸ் நெறிப்படுத்தி 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாவது படமாகிய ‘ஓடர் ஒவ் த பீனிக்ஸ்’. கலையழகர்கள் இதனை வரண்ட படம் என்பர். முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் வேறு சிலரோ, மந்திரக்கோலும் பறக்கும் துடைப்பமும் சமுதாய உணர்வுடையோர் நேரஞ் செலவிடத் தக்கனவோ என முகஞ் சுழிப்பர். விலங்குகளைப் பேசவைத்து அரசநீதி உரைத்த மரபில் வந்த நாம் இக்கேள்வி கேட்டு நாணவேண்டியதில்லை.

ஏனைய படங்களில் தீமைக்கு ஓர் உருவம் உண்டு. வெளிறிய முகமும் பாம்பின் மூக்கும் கொண்ட வோல்டமோட் தோன்றியதும் சிறுபிள்ளையும் பகைவனை இனங்கண்டுகொள்ளும். ஐந்தாவது படத்தின் தீமையோ இளஞ்சிவப்பு உடை தரித்து, இனிமையாகச் சிரித்து, பூனைக்குட்டிகள் தீட்டிய தட்டுகளைச் சுவரில் மாட்டி, கந்தோரில் அமர்ந்து தேநீர் அருந்துகிறது. டொலரெஸ் அம்பிரிட்ஜ் என்னும் இவ்வம்மையார் மந்திர அமைச்சினால் ஹொக்வாட்ஸ் பள்ளிக்கு ஆசிரியையாக அனுப்பப்பட்டு, விரைவிலேயே பிரதம வித்தியாதரிசியாகப் பதவி பெறுகிறார். இமெல்டா ஸ்டோன்டன் என்ற நடிகை இப்பாத்திரத்தை ஓங்கிய குரலின்றியே நடித்திருக்கிறார். அதிகாரம் சத்தமிட வேண்டிய தேவை இல்லாதது என்பதை அவர் நன்குணர்ந்திருக்கிறார்.

அம்மையாரின் கல்விக் கொள்கை யாது? தற்காப்பு வித்தையை மாணாக்கர் ஏட்டிற் படித்தால் மட்டும் போதும், கையாற் பழக வேண்டியதில்லை. சோதனையிற் சித்தியடைவதே பள்ளியின் நோக்கம். வெளியே கொலைஞன் திரும்பிவந்துள்ளான் என்று சொன்ன மாணவன் பொய்யன். அவனுக்கு மையில்லாத பேனா கொடுக்கப்படுகிறது. எழுதும் எழுத்துகள் அவன் இரத்தத்தால் தாளில் வடிய, அவன் புறங்கையிலும் வடுவாக வெட்டுண்டு நிற்கின்றன. சுற்றுநிருபத்தின் மேற் சுற்றுநிருபம் சட்டமிடப்பட்டுச் சுவரை நிறைக்கிறது. ஆணும் பெண்ணும் எட்டு அங்குல இடைவெளி பேணவேண்டும். மாணவர் சங்கங்கள் யாவும் கலைக்கப்படவேண்டும். குள்ள உருவினரான ஆசிரியர் ஒருவரை இவ்வம்மையார் அளவுநாடாவால் அளந்து குறிப்பெழுதும் காட்சியில் அரங்கம் சிரிக்கும். ஆசிரியர்களாகிய எம்மாற் சிரிக்க முடியவில்லை.

இக்கதையின் தாயகமாகிய பிரித்தானியாவில், 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசிய பாடவிதானத்தையும் அதன் வழிவந்த சோதனைகளையும் கொணர்ந்தது. 1992இல் ஒவ்ஸ்டெட் என்னும் பள்ளிப் பரிசோதனைத் தாபனம் உருவாயிற்று. 2003இல் மூலநாவலை வெளியிட்ட ரோலிங் இவற்றை மனத்திற்கொண்டே எழுதினாரோ என்ற ஆராய்ச்சி எமக்கு வேண்டியதன்று. குறிப்பேடும் கையுமாக வகுப்பின் பின்வாங்கிலே பரிசோதகர் அமர்ந்திருக்கப் பாடஞ் சொன்ன எந்த ஆசிரியருக்கும் அம்மையாரை அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை.

இப்படத்தின் உச்சம் எனப் பலர் கொள்வது இறுதியில் வரும் மந்திரப் போர். நாம் கொள்வது முற்றத்தில் நிகழும் ஒரு சிறு காட்சி. சோதிடம் கற்பிக்கும் டிரெலோனி வேலைநீக்கப்படுகிறார். எம்மா தொம்சன் நடித்த இந்த ஆசிரியை பெட்டி படுக்கையுடன் முற்றத்தில் நின்று அழ, மாணாக்கர் திரண்டு பார்த்திருக்கின்றனர். மகி ஸ்மித் நடித்த மக்கொனகல் ஓடிவந்து அவரை அணைத்துக்கொள்கிறார். அதிபர் டம்பிள்டோரும் வருகிறார். வந்து சொல்வதென்ன? ஆசிரியரை நீக்கும் அதிகாரம் அம்மையாருக்கு உண்டாம். வளவிலிருந்து வெளியேற்றும் அதிகாரம் மட்டும் அதிபருக்கே உரியதாம். ஆகவே டிரெலோனிக்கு உறைவிடம் மிஞ்சியது, தொழில் போயிற்று. பேரறிஞரின் பெருந்தன்மை சட்டத்தின் எல்லைக்கோட்டில் வந்து நின்றுவிட்டது. சக ஆசிரியர் எவரும் மறுநாள் வகுப்பைப் பகிஷ்கரித்ததாகப் படம் காட்டவில்லை.

பெரியோர் செய்யாததைப் பிள்ளைகள் செய்கின்றனர். மறைவான ஓர் அறையிற் கூடி, ஒருவருக்கொருவர் ஆசானாகி, தடைசெய்யப்பட்ட பாடத்தைத் தாமே கற்கின்றனர். வகுப்பிலே மந்தன் எனப் பெயரெடுத்த நெவில், வீரரின் மகன் என்ற சுமையோடு தடுமாறித் தடுமாறி வித்தை கைவரப்பெறும் காட்சிகள் எம் நெஞ்சைத் தொட்டன. சோதனை மண்டபத்துக்குள் வீஸ்லி இரட்டையர் வாணவெடிகளுடன் பறந்துவர, சுவரிலிருந்த ஆணைகள் யாவும் நொறுங்கி விழுகின்றன. அப்போது எந்த மாணவனும் விடைத்தாளைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை!

எம் விருப்புக்குரிய படமென்பதற்காக அதன் குறையை மூடிமறைக்க நாம் தயாராயில்லை. இளைஞர்கள் தம் படைக்கு அதிபரின் பெயரையே சூட்டுகின்றனர். அம்மையாரைக் காட்டுக்குள் தூக்கிச் செல்வோர் குதிரையுடல் மனிதர். அமைச்சு உண்மையை ஒப்புக்கொள்வதோ, அமைச்சர் தம் கண்ணால் வோல்டமோட்டைக் கண்ட பின்னரே.

இவற்றையும் பொறுக்கலாம். பொறுக்கவொண்ணாதது வேறு. பிரித்தானியப் பதிப்பில் 766 பக்கங் கொண்ட நாவலை 138 நிமிடங்களுள் அடக்கும்போது வெட்டு நேர்வது இயல்பு. எது வெட்டுண்டது என்பதே கேள்வி. சிரியஸ் என்னும் நற்குடிப் போராளியின் வீட்டில் கிரீச்சர் என்ற அடிமை ஏவலாள் உளன். விடுதலை பேசும் எசமானன் இவனை நாளெல்லாம் இகழ்கிறான். நாவலில் இந்த இகழ்ச்சிக்கு விலை உண்டு. கிரீச்சர் பொய்யுரைத்துக் காட்டிக்கொடுக்க, அப்பொய்யின் வழியே சிரியஸ் சாகிறான். அடிமையை நடத்திய விதமே சாவை அழைத்தது என்று டம்பிள்டோர் இடித்துரைக்கிறார். படத்தில் அப்பொய்யும் இல்லை, இடித்துரையும் இல்லை. இவ்வேவலரின் உரிமைக்காக ஹெர்மாயனி நாவலிலே தொடங்கிய சங்கத்துக்கு எட்டுப் படங்களில் ஒன்றிலேனும் இடங் கிடைக்கவில்லை. மாணவர் சங்கங்களைக் கலைத்தவள் அம்மையார் ஒருத்திதான் என்று நாம் எண்ணியிருந்தோம்.