தகப்பன் இடும் கையெழுத்து

மதுரையிலிருந்து 1928-ஆம் ஆண்டில் போடிநாயக்கனூருக்கு வந்து சேர்ந்த ரயில், அகலப்பாதை வேலைக்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டு, பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் ஊரைக் காக்க வைத்த பிறகு, 2023 ஜூன் 15 முதல் நேரே சென்னைக்குப் போகும் வண்டியாகத் திரும்பி வந்தது. ஏலக்காய் வர்த்தகர்கள் அதைத் தங்கள் சௌகரியமாகக் கருதினார்கள். ஆனால் கல்லூரிகள் திறக்கும் பருவத்தில் பெட்டியும் தலையணையுமாக அதில் ஏறுகிற கூட்டத்தைப் பார்ப்பவருக்கு, ஏலக்காயைவிட அதிகமாக இவ்வூர் வெளியே அனுப்புவது தன் பிள்ளைகளைத்தானோ என்று தோன்றும்.

அனுப்புகிறவர்களின் கஷ்டம் சாமானியமானதன்று. மலையில் ஏலக்காய் எடுப்பு மும்முரமாவதற்கு முன்பே கட்டணம் கட்டும் காலம் வந்துவிடும். புற்றடி ஏலக்காய் ஏலத்தில் 2019 ஆகஸ்டில் கிலோ 7000 ரூபாயைத் தொட்ட காய், அடுத்த சில வருஷங்களுக்குள் ஆயிரத்தை ஒட்டி இறங்கியதையும் கண்ட தகப்பன், எந்த விலையை நம்பி வட்டிக்கு வாங்குவது என்று அறியாமலே வாங்குகிறான். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துத் தோட்ட வேலைக்குப் போடிமெட்டு மலை ஏறும் தாயும், கிடங்கில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கும் தாயும், அந்தக் கடனைப் பற்றி மகனிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், இரவு போனில் “சாப்பிட்டியாப்பா?” என்று மட்டும் கேட்கிறார்கள்.

உணவு, காய்ச்சல், கெட்ட சகவாசம், குடி என்று பெற்றோர் படும் கவலைகள் யாவும் மகனுக்கு என்ன நேருமோ என்பதைப் பற்றியவை. மகனால் பிறருக்கு என்ன நேருமோ என்று கவலைப்பட்டவரை நான் அதிகம் கண்டதில்லை.

1996 நவம்பரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த நாவரசு, ராகிங் கொடுமையில் சீனியர் மாணவன் ஒருவனால் கொல்லப்பட்டான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய பொன்னுசாமியின் புதல்வன் அவன். கல்வியுலகில் உன்னத பதவி வகித்த தகப்பனுக்கே தம் மகனைக் காத்துக்கொள்ள முடியவில்லை என்றால் நம் கதி என்ன என்று நாடு நடுங்கியது. மறு வருஷமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. பின்னர் 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்னும் மருத்துவ மாணவன் சீனியர்கள் அடித்த அடியில் இறந்துபோக, அவ்வாண்டே பல்கலைக்கழக மானியக் குழு விதிகளை வகுத்து, மாணவன் மட்டுமன்றி அவன் பெற்றோரும் வருஷந்தோறும் உறுதிமொழி தரவேண்டும் என்று நிர்ணயித்தது.

அந்த உறுதிமொழியை நிதானமாக வாசித்தவர்கள் எத்தனை பேர்? தம் பிள்ளையைக் காக்கும் பத்திரம் என்றெண்ணித் தகப்பன்மார் அதில் கையெழுத்து இடுகிறார்கள். இணையத்தில் நிரப்பும் வசதி வந்தபின், மகனே தகப்பனுக்கும் சேர்த்து நிரப்பிவிடுவதும் உண்டு. ஆனால் அது கேட்பது வேறு. தம் மகன் ராகிங்கில் ஈடுபடமாட்டான் என்றும், ஈடுபட்டால் தண்டனைக்கு உரியவன் ஆவான் என்பதை அறிந்திருக்கிறோம் என்றும் பெற்றோரைச் சொல்ல வைக்கிறது. நாவரசுவைக் கொன்றவனையும் ஒரு வீடு வளர்த்துத்தான் அனுப்பியது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அவன் குற்றத்தை உறுதி செய்த நாளில், அந்த வீட்டின் துக்கத்தை யாரும் விசாரிக்கவில்லை.

கொலை என்பது கடைக்கோடி. அதன் தொடக்கமோ அற்பமானது. தான் உண்ட தட்டைத் தாயோ தங்கையோ கழுவப் பார்த்து வளர்ந்தவன், ‘ஆம்பிளைப் பிள்ளை அப்படித்தான் இருப்பான்’ என்ற வாக்கியத்தை ஆசீர்வாதம்போலக் கேட்டுப் பழகியவன், விடுதியில் தன் துணியை ஜூனியர் துவைத்துத் தரவேண்டும் என்று எதிர்பார்ப்பதில் ஆச்சரியம் என்ன? வீட்டில் பதினெட்டு வருஷம் நடந்த அப்பியாசத்தை விடுதிக் காப்பாளர் ஒரு மாதத்தில் மாற்றிவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. பிளஸ் டூ தேர்வு முடிந்து கல்லூரி திறப்பதற்கு முன் கிடைக்கும் அவகாசத்தில், நீட் பயிற்சியையும் கோச்சிங்கையும் பற்றியே பேசும் நம்மூர்ப் பள்ளிகள், பெற்றோரையும் மகனையும் ஒரு நாள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த உறுதிமொழித் தாளைத் தமிழில் உரக்க வாசித்துக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

அதைவிட முக்கியம் இரண்டாம் ஆண்டு. முதல் வருஷக் கையெழுத்தைப் பெற்றோர் பயந்துகொண்டு இடுகிறார்கள். அப்போது மகன் ஜூனியர். அடுத்த வருஷம் விடுமுறை முடிந்து புறப்படும்போது அவன் சீனியர், பயமும் தெளிந்திருக்கும், தாளும் பழகிப்போயிருக்கும். அவசர அவசரமாகப் பேனாவை எடுக்கும் அந்தச் சமயத்தில், போன வருஷம் உன்னை என்ன செய்தார்கள், இந்த வருஷம் வருகிறவனை நீ என்ன செய்வதாக இருக்கிறாய் என்று தகப்பன் கேட்கவேண்டும். பதில் வரும்வரை கையெழுத்தை இடாமல் இருக்கவும் வேண்டும்.